தண்டுவடத்தில் கால்சியம் ஏறினால் வலியாம். ஆயா மாத்திரையை நிறுத்திவிட்டார், என்ன செய்ய?

சாட்ஸ்வர்த்_பேரன் | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆயாவுக்கு 74 வயது. மார்ச் மாதம் இடது விலாப் பக்கம் அக்கி வந்தது. முதலில் காட்டிய இடத்தில் வேர்க்குரு என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதுகிலிருந்து மார்பு வரை பட்டை கட்டினது போலக் கொப்புளம் வந்த பிறகுதான் வேறொரு டாக்டர் பார்த்து அக்கி என்றார். கொப்புளம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தோலும் ஆறிவிட்டது. இப்போது அக்டோபர். வலி மட்டும் போகவில்லை. ரவிக்கை உரசினால் துடிக்கிறார். மின்விசிறிக் காற்று பட்டாலே எரிகிறது என்கிறார். அதே இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தேவலையாம். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

போன மாதம் மாமா மகள் பள்ளி வேலைக்காக எதையோ படித்துவிட்டு, ஆயா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறாள்: நாள்பட்ட வலியில் தண்டுவடச் செல்களுக்குள் கால்சியம் கூடுகிறது என்று. அவ்வளவுதான். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையை ஆயா அன்றைக்கே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பால் கிடையாது, தயிர் கிடையாது, உயிராக நினைக்கும் மாஸ் (புளித்த பால்) கூடக் கிடையாது. மூன்று வாரமாக வெறும் கறுப்புத் தேநீர். வலி குறைந்ததா என்றால், "உள்ளே ஏறினது இன்னும் இறங்கலை" என்று பதில் தயாராக வைத்திருக்கிறார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். சின்ன வயதில் கோயில் பாடசாலையில் தமிழ் படித்தவர். தமிழில் எழுதியிருந்தால் அதற்குத் தனி மரியாதை. யாராவது அவருக்கு வாசித்துக் காட்டும்படி எழுதுங்களேன்.

---

வெருலம்_அத்தை | திங்கள், இரவு 9:40

தம்பி, நாளைக்குக் காலையில் டாக்டருக்கு போன் போட்டு, நிறுத்தியதைச் சொல்லி, திரும்ப ஆரம்பிக்கக் கேள். 74 வயதில் எலும்புத் தேய்மானத்தோடு விலா எலும்பும் முறிந்தால் அப்புறம் இரண்டு வலி.

31 வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். இரத்தத்தில் கால்சியம் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.1 முதல் 2.6 மில்லிமோலுக்குள் நிற்கும். அதைக் காவல் காக்கக் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி போல நாலு சுரப்பி இருக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் வரவில்லை என்றால் அது எலும்பைக் கரைத்து இரத்தத்தில் போடும். ஆக, ஆயா மூன்று வாரமாகப் பட்டினி போட்டது தண்டுவடத்தை அல்ல, சொந்த எலும்பை.

---

ஜோபர்க்_தஞ்சாவூரான் | திங்கள், இரவு 10:25

அத்தை சொல்வது சரி. ஆனால் எனக்கும் ஒரு குடைச்சல். எனக்குப் பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்கள். அது ‘கால்சியம் சேனல் அடைப்பான்’ வகை என்றுதான் படித்தேன். கால்சியம் உள்ளே நுழைவதால்தான் வலி என்றால், நுழைவதைத் தடுக்கும் மாத்திரை என் சட்டைப் பையிலேயே இருக்கிறதே? எனக்கு ஏன் இன்னும் கழுத்து வலிக்கிறது?

(எங்கள் ஊரில் அக்கி என்றால் முதலில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொண்டு வருவார்கள். பக்கத்திலேயே சிங்கம் வரைந்து விடுவதும் உண்டு. என் அப்பாவுக்கு எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.)

---

வெருலம்_அத்தை | திங்கள், இரவு 10:31

சிங்கம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அக்கிக்கு வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகப் பலன். குயவர் வீட்டு வரிசையில் அந்த நேரம் போய்விடக் கூடாது. சேனல் கேள்விக்கு நம்ம நரம்புக்காரன் தம்பி வரட்டும்.

---

நரம்புக்காரன் | செவ்வாய், காலை 6:50

வந்துவிட்டேன் அத்தை. புதிதாக வந்தவர்களுக்கு: நான் டாக்டர் அல்ல. கேப்டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலித் தண்டுவடத் துண்டுகளோடு காலம் தள்ளுபவன். மருந்து விஷயத்தில் அத்தை பேச்சே கடைசிப் பேச்சு.

இதை ஆயாவுக்கு வாசிப்பதாகவே வைத்து எழுதுகிறேன்.

ஆயா, உங்கள் பேத்தி சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் சொன்ன கால்சியமும் மாஸில் இருக்கும் கால்சியமும் பொருளில் ஒன்று, வேலையில் வேறு. செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கரைந்திருக்கும் கால்சியத்தை ஒரு குடம் நிறைய என்று வைத்துக்கொண்டால், சும்மா இருக்கும் செல்லுக்குள் அதில் 10,000ல் ஒரு பங்குதான் இருக்கும். சில சொட்டு. ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்றால், செல்லுக்குள் பாஸ்பேட் நிறைய. கால்சியமும் பாஸ்பேட்டும் கூடினால் படிந்து கல்லாகும். நம் எலும்பே அப்படித்தான் உறுதியாகிறது. அதனால் ஒவ்வொரு செல்லும் இரவு பகலாக எரிபொருள் செலவழித்துக் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. மேலே அணை தளும்புகிறது, கீழே வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. மதகை ஒரு கணம் திறந்தாலே வாய்க்காலில் தண்ணீர் வந்தது ஊருக்கே தெரியும். அதுதான் செய்தி. அணையில் ஒரு குடம் கூடினதா குறைந்ததா என்பதை வாய்க்கால் பார்ப்பதில்லை. மதகை யார் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் திறக்கிறார்கள், அதுதான் முக்கியம்.

சரி, மதகுகள் எங்கே இருக்கின்றன?

அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸேதான். அம்மை இறங்கின பிறகும் அது போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் பல பத்து வருஷம் தூங்குகிறது. உடம்பின் காவல் தளர்ந்தபோது ஒரு முடிச்சில் விழித்து, அந்த ஒரே நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் பட்டை கட்டினது போல ஒரு பக்கம் மட்டும். கொப்புளம் ஆறினாலும் அது வந்த பாதை புண்பட்டுப் போகிறது. புண்பட்ட நரம்பு யாரும் தொடாமலே துடிக்கும்.

அந்த நரம்பு தண்டுவடத்தின் பின்பக்கத்தில், பின்கொம்பு என்று சொல்லும் சாம்பல் நிறப் பகுதியில் வந்து முடிகிறது. அதன் நுனியில் முதல் மதகு: என்-வகைக் கால்சியம் சேனல். துடிப்பு நுனிக்கு வந்ததும் இது திறக்கும், கால்சியம் பாயும், பாய்ந்ததும் நுனியில் காத்திருக்கும் நுண்பைகள் திறந்து குளூட்டமேட் என்ற செய்திப் பொருளைக் கொட்டும். எதிரே இருக்கும் தண்டுவட நியூரான் (நரம்புச் செல்) அதை வாங்கிக்கொள்கிறது.

வாங்கும் பக்கத்தில் இரண்டு விதமான ஏற்பிகள். ஆம்பா என்பது அவசரக்காரன். உடனே திறந்து உடனே மூடும். என்.எம்.டி.ஏ. என்பதுதான் இரண்டாவது மதகு, அது கொஞ்சம் விசித்திரமானது. அதன் வாயில் ஒரு மக்னீசியம் அயனி தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை தட்டினால் தக்கை அசையாது. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், நியூரானின் மின் நிலை மாறித் தக்கை தெறிக்கும், கால்சியம் உள்ளே கொட்டும்.

இந்த இரண்டாவது வெள்ளம்தான் விவகாரம். அது உள்ளே போய் சில நொதிகளை எழுப்பிவிடுகிறது. அவை ஆம்பா ஏற்பிகளை இன்னும் கூர்மையாக்கும், கூடுதல் ஏற்பிகளை மேலே கொண்டுவந்து வைக்கும். அடுத்த முறை அதே தட்டு, ஆனால் சத்தம் இரட்டிப்பு. மூளையின் நினைவுப் பகுதியில் இதையே பார்த்தால் ‘கற்றுக்கொள்கிறது’ என்று பாராட்டுகிறோம். தண்டுவடமும் கற்றுக்கொள்கிறது, பாழாய்ப்போன பாடத்தை.

அம்லோடிபின் கேள்வி: அது அடைப்பது எல்-வகை மதகை, முக்கியமாக இரத்தக் குழாய்ச் சுவர்த் தசையில். நரம்பு நுனியில் குளூட்டமேட்டைக் கொட்ட வைப்பதில் முதல் பங்கு என்-வகைக்கு. பெயர்தான் ஒன்று, பூட்டு வேறு. உங்கள் கழுத்துக்குக் காரணம் உங்கள் நாற்காலியாக இருக்கலாம்.

---

டோங்காட்_கரும்பு | செவ்வாய், மதியம் 1:05

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் கரும்பு லாரி ஓட்டியவன். நாலு வருஷமாக இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேரே, "வலி உன் முதுகில் இல்லை, உன் தலையில்" என்றார். இன்னொருவர் விடுப்புக்காக நடிக்கிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். வேலை போனது அதனால்தான். இன்றைக்கு நீங்கள் தண்டுவடம் கற்றுக்கொள்கிறது என்கிறீர்கள். இதெல்லாம் நேற்று கண்டுபிடித்ததா? அந்த டாக்டர்களுக்குத் தெரியாதா?

---

நரம்புக்காரன் | செவ்வாய், மாலை 5:30

நேற்று இல்லை அண்ணே. 1966லேயே மெண்டல் என்பவர், ஒரே அளவு தூண்டுதலை விடாமல் கொடுத்தால் தண்டுவட நியூரானின் பதில் ஒவ்வொரு தடவையும் பெருகுவதைக் காட்டினார். ராட்டினத்தை முறுக்கி ஏற்றுவது போல. அதற்கு ஒரு வருஷம் முன்னால் மெல்சாக், வால் இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு ‘வாசல்’ இருக்கிறது, அது திறக்கவும் மூடவும் முடியும் என்று எழுதியிருந்தார்கள்.

1983ல் வந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். எழுதியவர் நம்ம நாட்டுக்காரர். கிளிஃபர்ட் வுல்ஃப், ஜோஹன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு லண்டனுக்குப் போனவர். எலியின் பாதத்தில் காயம் ஏற்படுத்தினார். எதிர்பார்த்தபடி, கால் இழுக்கும் அனிச்சை தீவிரமானது. பிறகு காயம்பட்ட இடத்தையே மயக்க மருந்தால் மரக்க வைத்தார். காயத்திலிருந்து ஒரு செய்தியும் மேலே போகவில்லை. ஆனாலும் அனிச்சை தீவிரமாகவே இருந்தது. காயம் பேச்சை நிறுத்திய பிறகும் தண்டுவடம் தனியே பேசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஸ்கேன் எலும்பையும் அதன் நடுவே உள்ள தட்டையும் காட்டும். ஒரு நியூரானில் எத்தனை ஆம்பா ஏற்பி முளைத்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஸ்கேன் சுத்தம் என்றால் ‘இந்தக் கருவிக்குத் தெரியவில்லை’ என்று பொருள், அவ்வளவுதான். உங்கள் வலி இந்த வகைதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேனை வைத்து நடிப்பு என்று எழுதியவரும் சொல்லியிருக்க முடியாது.

---

வெருலம்_அத்தை | செவ்வாய், மாலை 6:15

கரும்பு தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அப்படிப் பேசியவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா, கால் எடுத்த பிறகும் இல்லாத கட்டைவிரல் வலிக்கிறது என்று ராத்திரி முழுக்க அழுவார். "எல்லாம் மனசுதாம்மா, தூங்குங்க" என்று போர்வையை இழுத்து விடுவேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த அம்மா அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

---

பீனிக்ஸ்_மாணவி | செவ்வாய், இரவு 8:44

நரம்புக்காரன் அண்ணா, இரண்டு கேள்வி.

1. பேரன் அண்ணா சொன்ன ரவிக்கை விஷயம். தட்டினால் சத்தம் பெரிதாகிறது என்பது சரி. ஆனால் துணி உரசுவது வலியே இல்லையே, தொடுகைதானே? தொடுகை எப்படி வலியாக மாறும்?

2. கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் கால்சியம் பாய்ந்தது என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

நரம்புக்காரன் | புதன், காலை 7:20

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்த கதை.

கால்சியம் ஒட்டினால் ஒளிரும் விதம் மாறுகிற சாயங்கள் இருக்கின்றன. ரோஜர் சியென் என்ற வேதியியலாளரின் குழு 1985ல் ஃபுரா-2 என்ற சாயத்தை அறிமுகப்படுத்தியது. செல்லுக்குள் அதை ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கால்சியம் பாயும்போது ஒளி மாறுவதை நேரடியாகப் பார்க்கலாம். (சியெனுக்கு 2008ல் நோபல் கிடைத்தது, ஆனால் அது பச்சை ஒளிர் புரதத்துக்கு.) இப்போது அந்தப் பச்சைப் புரதத்தையே கால்சியம் உணரும்படி மாற்றி, எலியின் மரபணுவிலேயே எழுதிவிடுகிறார்கள். தண்டுவடத் துண்டைத் தூண்டினால் இருட்டில் ஒவ்வொரு செல்லாக மின்னும். கார்த்திகை தீபம் மாதிரி. நான் முதல் முறை பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மிளகாய் ஏன் எரிகிறது என்பதும் இப்படித்தான் தெரிந்தது. டேவிட் ஜூலியஸ் குழு, வலி நரம்பின் மரபணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு செல்களில் போட்டு, மிளகாய்க் காரத்தை ஊற்றி, எந்தத் தட்டில் கால்சியம் ஒளிர்கிறது என்று தேடியது. ஒளிர்ந்தது டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி. 1997. கொதிக்கும் சூட்டுக்கும் அதே ஏற்பிதான் திறக்கிறது; நாக்கு ‘சுடுகிறது’ என்று சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை. 2021ல் அதற்கும் நோபல்.

இனி முதல் கேள்வி. தண்டுவடத்தில் நியூரான்கள் மட்டும் இல்லை. அவற்றைச் சுற்றி கிளியா செல்கள். வெகு காலம் இவற்றைச் சும்மா இட்டு நிரப்பும் பஞ்சு என்று நினைத்திருந்தார்கள். அதில் நட்சத்திரம் போலக் கிளை விரித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் நியூரான் போல மின் துடிப்பு விடாது. அவற்றின் பேச்சே கால்சியம்தான். செல்லுக்குள்ளேயே இருக்கும் சேமிப்புக் கிடங்கு திறந்து கால்சியம் எழும்பி, பக்கத்துச் செல்லுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று அலையாகப் போகும். அலை போகும் வழியில் நியூரான்களைத் தூண்டும் பொருள்களும் வெளியாகின்றன.

இன்னொரு வகை மைக்ரோக்ளியா, தெருவில் ரோந்து போகும் காவலர் போல. நரம்பு புண்பட்டால் இவை உருமாறி, பி2எக்ஸ்4 என்ற கதவுகளை நிறைய வைத்துக்கொள்கின்றன என்று 2003ல் ஜப்பானில் சுடாவும் இனோவேயும் காட்டினார்கள். ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வந்து தட்டினால் அந்தக் கதவு வழியாகக் கால்சியம் போகும், போனதும் காவலர் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தைக் கக்குவார். அந்தப் புரதம் நியூரானில் குளோரைடை வெளியேற்றும் பம்பைக் குறைத்துவிடுகிறது. கேட்டால் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் தண்டுவடத்தில் ‘அமைதி’ என்று சொல்லும் சமிக்ஞைகள் குளோரைடை நம்பித்தான் வேலை செய்கின்றன. பம்பு படுத்தால் அமைதிக் கட்டளை பலமிழக்கிறது; மோசமான நிலையில், ‘சும்மா இரு’ என்பதே தூண்டுதலாகத் தலைகீழாகும்.

தொடுகை நரம்புக்கும் வலி நியூரானுக்கும் நடுவே எப்போதும் ஒரு பாதை இருக்கிறது. அமைதிச் சமிக்ஞை என்ற தாழ்ப்பாள்தான் அதை மூடி வைத்திருக்கும். தாழ்ப்பாள் தளர்ந்தால் ரவிக்கையின் உரசல் வலி வீட்டுக்குள் நேரே நுழையும். வருடுகிற அசைவு தொடு நரம்புகளை மறுபடி மறுபடி தட்டுகிறது. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் உரசல் நின்றுபோகிறது. ஆயா கண்டுபிடித்தது சரியான வைத்தியம்.

ஒரு குறிப்பு, இது என் துறைக்கே வெட்கமான விஷயம். இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் ஆண் எலிகளைத்தான் வைத்தார்கள். 2015ல் ஒரு குழு இரு பாலையும் ஒப்பிட்டது. ஆண் சுண்டெலிகளில் மைக்ரோக்ளியாவை அடக்கினால் வலி உணர்ச்சி குறைந்தது. பெண் சுண்டெலிகளில் குறையவில்லை. அங்கே அந்த வேலையை வேறு நோயெதிர்ப்புச் செல்கள் செய்தன. ஆக, நான் மேலே எழுதிய மைக்ரோக்ளியா கதை ஆயாவுக்கு அப்படியே பொருந்தும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

---

ஜோபர்க்_தஞ்சாவூரான் | புதன், மதியம் 12:10

அப்படியென்றால் அந்த என்-வகை மதகுக்கே பூட்டுப் போடும் மருந்து இல்லையா? முதல் வாசலிலேயே வேலை முடியுமே.

---

நரம்புக்காரன் | புதன், மதியம் 12:55

இருக்கிறது, கடலிலிருந்து வந்தது. மேகஸ் என்ற கூம்பு நத்தை, தன் விஷ ஈட்டியால் மீனைக் குத்தி அசையவிடாமல் செய்து விழுங்கும். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேரா, அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்த விஷங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த மெக்கின்டோஷ் என்ற கல்லூரி மாணவர்தான் இதைக் கண்டெடுத்தவர். 25 அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி, என்-வகை மதகில் போய் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். சிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது. வயிற்றுத் தோலுக்கு அடியில் பம்பு வைத்து, தண்டுவடத் திரவத்துக்குள் நேராகச் சொட்ட வேண்டும். தலைசுற்றல், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, இல்லாததைக் கேட்பது எல்லாம் வரலாம். என்-வகை மதகு வலிக்கு மட்டும் சொந்தமில்லை, மூளை முழுக்க இருக்கிறது. வேறு எதுவும் கேட்காத கடும் வலிக்குத்தான் அது.

(நம் நேட்டால் கடற்கரையிலும் கூம்பு நத்தைகள் உண்டு. ஓடு அழகாக இருக்கும். உயிரோடு இருப்பதைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். சில இனங்கள் ஆளையே கொல்லும்.)

---

சாட்ஸ்வர்த்_பேரன் | வியாழன், இரவு 8:30

நேற்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். கால்சியம் மாத்திரையைத் தொடரச் சொன்னார். கிளினிக்கில் முன்பு கொடுத்த அமிட்ரிப்டிலின் ஆயாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாய் உலர்ந்து, ராத்திரி எழுந்தால் தடுமாறினார். இப்போது பிரிகாபலின், குறைந்த அளவில், இரவு மட்டும். இதுவும் கால்சியம் மதகு சம்பந்தப்பட்டதா?

---

நரம்புக்காரன் | வியாழன், இரவு 9:05

ஆமாம். ஆனால் நேரான பூட்டு இல்லை. கால்சியம் மதகோடு ஆல்ஃபா-2-டெல்டா என்று ஒரு துணை உறுப்பு ஒட்டியிருக்கும். மதகைச் செய்யும் இடத்திலிருந்து நரம்பு நுனி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நரம்பு புண்பட்டால் அது எக்கச்சக்கமாகப் பெருகும். பிரிகாபலினும் அதன் அண்ணன் காபாபென்டினும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நுனிக்குப் போய்ச் சேரும் மதகுகள் குறைகின்றன, கொட்டும் குளூட்டமேட்டும் குறைகிறது. பெயரில் ‘காபா’ இருந்தாலும், காபா என்ற அமைதிச் சமிக்ஞைப் பொருளின் ஏற்பியோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. காபாவைப் போல வடிவமைத்தார்கள், அது வேறு கதவைத் திறந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் பிரிகாபலினுக்கும் அனுமதி அதே 2004 டிசம்பரில்தான்.

அமிட்ரிப்டிலின் வேறு வழி. மூளைத் தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு ‘போதும், அடங்கு’ என்று இறங்கி வரும் நரம்புகள் இருக்கின்றன. அவை விடும் நோரட்ரீனலின், செரோடோனின் இரண்டும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இது பார்த்துக்கொள்கிறது.

---

டோங்காட்_கரும்பு | வியாழன், இரவு 9:30

பிரிகாபலின் எனக்கும் கொடுத்தார்கள், இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கிறது என்றதும். தலை சுற்றினதுதான் மிச்சம்.

---

வெருலம்_அத்தை | வியாழன், இரவு 9:52

உனக்கு மட்டும் இல்லை. இடுப்பு நரம்பு இழுவைக்குப் பிரிகாபலின், மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேல் இல்லை என்று 2017ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை வந்திருக்கிறது. அக்கிக்குப் பின் வரும் வலிக்கும் சர்க்கரை நரம்பு வலிக்கும் பலன் இருக்கிறது, ஆனால் மந்திரம் இல்லை. 2015ல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்ததில், 8 பேருக்குக் கொடுத்தால் அதில் ஒருவருக்குத்தான் போலி மாத்திரையை விடக் கூடுதலாக நல்ல குறைவு.

பேரா, உனக்கு மூன்று விஷயம். ஆயாவின் சிறுநீரகம் எப்படி என்று டாக்டர் பார்த்தாரா, கேள்; அளவு அதைப் பொறுத்தது. ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், கால்மிதியை எடுத்துவிடு. ‘நல்லாயிருக்கு’ என்றோ ‘பிரயோஜனமில்லை’ என்றோ ஆயா மாத்திரையைத் திடீரென்று அலமாரியில் பூட்டக் கூடாது. இதை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

---

ஜோபர்க்_தஞ்சாவூரான் | வியாழன், இரவு 10:15

மேலிருந்து இறங்கும் ‘அடங்கு’ நரம்பு என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வந்தது. இங்கே காவடியில் அலகு குத்திக்கொண்டு நடப்பவர்களிடம் கேட்டால் வலிக்கவில்லை என்கிறார்கள். அதுவும் இதுதானா?

---

டோங்காட்_கரும்பு | வியாழன், இரவு 10:40

நான் 11 வருஷம் அலகு குத்திக் காவடி எடுத்தவன். குத்தும்போது தெரியும். நடக்க ஆரம்பித்தால் தெரியாது. ஆனால் அதே நாள் லாரிச் சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு கத்தும். ஒரே உடம்பு. முருகன் அலகைப் பார்த்துக்கொண்டான், லாரிச் சீட்டை என்னிடமே விட்டுவிட்டான் போல.

---

நரம்புக்காரன் | வியாழன், இரவு 10:58

காவடியை நான் ஆய்வுக்கூடத்துக்குள் இழுக்கமாட்டேன், என் அம்மா திட்டுவார். கவனம், எதிர்பார்ப்பு, பரவசம் எல்லாம் அந்த இறங்கும் பாதையை மாற்றும் என்பது மட்டும் உறுதி. அண்ணே சொன்ன இடுப்பு-அலகு ஒப்பீடு எந்தப் பாடப்புத்தகத்தையும் விட நன்றாக இருக்கிறது.

---

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 8:00

காவடி பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். யாரும் அம்லோடிபினை நிறுத்தவோ பிரிகாபலினைக் கடன் வாங்கவோ வேண்டாம். இரண்டும் தனிமடலில் கேட்கப்பட்டுவிட்டன.

---

சாட்ஸ்வர்த்_பேரன் | ஞாயிறு, மாலை 4:20

இழை முழுவதையும் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அணை-வாய்க்கால் பகுதியை இரண்டு தடவை கேட்டார். பேத்தியைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரி, நான் விளங்கிக்கிட்டதுதான் தப்பு" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று சோற்றில் மாஸ் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். வலி அப்படியேதான் இருக்கிறது. முதல் இரண்டு நாள் மாத்திரையில் காலையில் கொஞ்சம் கிறுகிறுப்பு. மென்மையான பழைய பருத்தி ரவிக்கையைத் தையல் வெளியே வரும்படி உள்புறம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார், அது பரவாயில்லையாம்.

அவர் கேட்கச் சொன்ன இரண்டு கேள்வி. ஒன்று, உள்ளே போன கால்சியம் திரும்ப வெளியே வந்துவிடுமா? இரண்டு, மிளகாய்க்கும் கால்சியம் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறதே, மாங்காய் ஊறுகாயை நிறுத்த வேண்டுமா?

---

நரம்புக்காரன் | ஞாயிறு, மாலை 5:02

ஆயா, வந்துவிடும். பாய்ந்த கால்சியத்தைச் செல் சில விநாடிகளுக்குள் இறைத்து வெளியே தள்ளிவிடும். அது போன பிறகும் அது செய்து வைத்த மாற்றம்தான் தங்குகிறது, வெள்ளம் வடிந்த பிறகும் கரை உடைந்தே இருப்பது போல. கரையைக் கட்ட நாளாகும்.

---

வெருலம்_அத்தை | ஞாயிறு, மாலை 5:10

ஊறுகாய் நாக்கோடு சரி, விலா நரம்புக்குப் போகாது. மிளகாய்க் காரத்தையே அதிகச் செறிவில் பட்டையாக்கி இந்த வலிக்கு ஒட்டுகிறார்கள், நரம்பு நுனி கொஞ்ச நாள் மரத்துப்போகும் என்று. ஆனால் அது மருத்துவமனையில் செய்வது, ஆயா வீட்டில் ஊறுகாயைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். பிரஷர் இருந்தால் உப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். புதன்கிழமை எப்படி இருக்கிறார் என்று எழுது.